ரூட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் தனி ரோடு

சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இன்னும் நிறைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரிதான். முகப்பு பத்துப் பன்னிரண்டு அடி. உள்ளே நுழைந்தால் ஐம்பது அறுபது அடிக்கு அறைக்குப் பின்னால் அறை. ஃபைபர் கேபிள் தெருப்பக்கமாக வருவதால் ரூட்டர் வாசல் அறையில், டிவிக்கு மேலே உட்கார்ந்துவிடும். நெட் தேவைப்படுவதோ கடைசி அறையில் படிக்கிற பிள்ளைக்கு, இல்லாவிட்டால் மாடியில் குடியிருக்கும் தம்பி குடும்பத்துக்கு. நடுவில், ரூட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கிச் செருகுவார்கள். இரண்டு நாளில் புலம்பல் தொடங்கிவிடும்: "டவர் ஃபுல்லா காட்டுது, நெட்டு மட்டும் நகர மாட்டேங்குது."

டவர் பொய் சொல்லவில்லை. போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ள சிக்னலைத்தான் காட்டுகின்றன. எக்ஸ்டெண்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் பேக்ஹால். அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் போனுக்குத் தெரியாது.

சாதாரண எக்ஸ்டெண்டர் ஏன் வேகத்தைத் தின்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒரே ரேடியோ (சிக்னலை அனுப்பி வாங்கும் பகுதி) உள்ள எக்ஸ்டெண்டர், ரூட்டரிடமிருந்து ஒரு தகவல் பொட்டலத்தை வாங்கி, பிறகு அதே சேனலில் அதையே போனுக்கு மறுபடி அனுப்ப வேண்டும். தண்ணீர் லாரி வந்த நேரத்தில் வீட்டில் ஒரே ஆள் இருந்தால் எப்படி? குடத்தை வாங்கி, மாடியேறி ஊற்றிவிட்டு, இறங்கி வந்துதான் அடுத்த குடத்தைப் பிடிக்க முடியும். கீழே ஒருவர், மேலே ஒருவர் நின்றால் குடம் நிற்காமல் போகும்.

கணக்காகச் சொன்னால், ரூட்டரிலிருந்து எக்ஸ்டெண்டருக்கு 200 எம்பிபிஎஸ், அங்கிருந்து போனுக்கு 200 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ரேடியோ என்றால் கையில் கிடைப்பது 100. முதல் வழி 100, இரண்டாவது வழி 300 என்றால் கிடைப்பது 75தான். நேரத்தைப் பங்கு போடும்போது மெதுவான வழி அதிக நேரத்தைப் பிடித்துக்கொள்வதால் இப்படி. இரண்டு வழிக்கும் தனித்தனி ரேடியோ, தனித்தனி சேனல் கொடுத்துவிட்டால் முதல் கணக்கில் 200, இரண்டாவதில் 100 கிடைக்கும். அதாவது, இரண்டில் எது குறைவோ அது. தனி பேக்ஹாலின் லாபம் இவ்வளவுதான், ஆனால் வீட்டில் நன்றாகவே தெரிகிற லாபம்.

இதற்கு இரண்டு வகைச் சாமான்கள் உண்டு. ட்ரை பேண்ட் வகையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு என மூன்று ரேடியோக்கள் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்றை முழுக்கப் பேக்ஹாலுக்கு ஒதுக்கிவிடலாம். டூயல் பேண்ட் வகையில் 5 கிகாஹெர்ட்ஸைப் பேக்ஹாலுக்கு விட்டுவிட்டு, போன்களை 2.4-ல் வைக்க வேண்டும். இரண்டாவது மலிவு. ஆனால் ஒரு விலை உண்டு: முன்னறையில் உள்ளவர்களும் 2.4-க்கு இறங்கியாக வேண்டும். அவர்கள் 5 கிகாஹெர்ட்ஸிலேயே படம் பார்த்துக்கொண்டிருந்தால் பின்னறையின் வழியைத்தான் தின்கிறார்கள், பெயருக்குத்தான் தனி வழி. ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் டிவியை ஒரு மீட்டர் லேன் கேபிளில் கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அட்டைப் பெட்டியைப் புரட்டும்போது பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏசி1200 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸின் 300 எம்பிபிஎஸ்ஸையும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி, முழு எண்ணாக ஏற்றிச் சொல்வது. பேக்ஹாலுக்கு உதவுவது அந்த 867 மட்டும். அதுவும் காகிதக் கணக்கு. சிக்னல் நன்றாக இருந்தால் நிஜத்தில் அதில் அறுபது சதவீதம் வரும், சிக்னல் மங்கினால் அதே இணைப்பு 65 எம்பிபிஎஸ் வரை இறங்கிவிடும். பெட்டியில் பார்க்க வேண்டிய இன்னொன்று லேன் போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை. அது 10/100 வகை என்றால், பேக்ஹால் எவ்வளவு வேகமாக இருந்தாலும் கேபிள் வழியாக 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வராது. கிகாபிட் போர்ட் உள்ளதையே கேளுங்கள்.

அடுத்தது சுவர். எக்ஸ்டெண்டரை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்வது அதுதான். 5.5 கிகாஹெர்ட்ஸ் அலை, தடையே இல்லாத வெளியில் 10 மீட்டர் போவதற்குள் சுமார் 67 டெசிபெல் (சிக்னல் ஏற்ற இறக்கத்தின் அளவு) இழக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதே தூரத்தில் சுமார் 60 இழக்கும். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, கழித்தல் குறிக்குப் பின்னால் எண் பெரிதாக ஆகச் சிக்னல் பலவீனம். ரூட்டர் 20 டிபிஎம் அனுப்புகிறது, இரண்டு பக்கத்து ஆன்டெனாவும் ஆளுக்கு 3 டெசிபெல் சேர்க்கின்றன என்றால் 10 மீட்டரில் -41 டிபிஎம் கிடைக்க வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று 5 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 12 டெசிபெல் குடிக்கும். ஒரு சுவர் தாண்டினால் -53, இரண்டு தாண்டினால் -65, மூன்று தாண்டினால் -77. பேக்ஹாலுக்கு -65 வரை நம்பலாம். -70-க்குக் கீழே போனால் தனி வழி கொடுத்தும் பயன் இல்லை. ஆகவே இந்த வீடுகளில் கைக்கணக்கு இது: ரூட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் இரண்டு செங்கல் சுவருக்கு மேல் கூடாது.

கான்கிரீட் தளம் இதைவிட மோசம். கம்பியும் ஈரமும் சேர்ந்து, ஒரு தளமே இரண்டு சுவருக்குச் சமமாகிவிடலாம். ராயபுரத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் உண்டு. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட தளம். கம்பி வலை கிடையாது, ஆனால் கனம் அதிகம், மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட அதிகம் குடிக்கும். மே மாதத்தில் -65-ல் இருந்த இணைப்பு நவம்பரில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். ஐந்து டெசிபெல்லாவது கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது.

மாடிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் தளத்தைத் துளைக்கப் பார்க்காதீர்கள். மாடிப்படியும் முற்றமும் இருக்கவே இருக்கின்றன. படிக்கட்டின் வாய் தெரிகிற இடத்தில் ரூட்டரையும், மேலே படி முடிகிற இடத்தில் எக்ஸ்டெண்டரையும் வைத்தால் அலை அந்தத் திறப்பின் வழியே ஏறிவிடும். குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், குச்சி காட்டும் திசையில் குறைவாக வீசும். நேர் மேல் அறைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பெட்டியிலும் குச்சிகளைப் படுக்க வைத்துப் பாருங்கள்.

பீரோ, ஃபிரிட்ஜ், ரசம் பூசிய கண்ணாடி, தண்ணீர் நிரப்பிய டிரம் எதுவும் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. இரும்பும் ரசமும் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கிவிடும். பிளக்கிலேயே செருகும் எக்ஸ்டெண்டர் பெரும்பாலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச் போர்டில்தான் போய் முடியும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி ஆறடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

இடம் பார்க்க ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்று போதும். ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரைப் பார்த்தபடி வாசலிலிருந்து உள்ளே நடந்து, -60 முதல் -65 வரை காட்டும் இடத்தில் நில்லுங்கள். அதுதான் எக்ஸ்டெண்டரின் இடம். நெட்டே எட்டாத கடைசி அறையில் கொண்டுபோய் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அங்கே அதற்கே சாப்பாடு கிடைக்காது.

இனி சேனல். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். வீடுகள் தோளோடு தோள் ஒட்டிய தெருவில் இருபது முப்பது பெயர்கள் தெரிவது சகஜம் என்பதால் பேக்ஹாலை அங்கே வைப்பது வீண். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018-ல் மத்திய அரசு 5150 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ட்ரை பேண்ட் பெட்டியில் வீட்டுச் சாதனங்களுக்குச் சேனல் 36, பேக்ஹாலுக்கு 149, அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துச் சேனலில் வைத்தால் ஒரே பெட்டிக்குள் ஒரு ரேடியோ கத்துவது இன்னொன்றின் காதை அடைத்துவிடும். சிக்னல் -68 பக்கம் தொங்கினால் அகலத்தை 40-ஆகக் குறையுங்கள். இரைச்சல் 3 டெசிபெல் குறையும், உச்ச வேகம் போனாலும் இணைப்பு நிலையாக நிற்கும்.

52 முதல் 144 வரையிலான சேனல்கள் காலியாகத் தெரியும். அவை ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரூட்டர் அங்கே பேசுவதற்கு முன் குறைந்தது 60 வினாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் போல எதையாவது கேட்டால் உடனே விலகி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் கப்பல் ரேடார்தான் கெடுக்கிறது என்று சந்தேகப்படத் தோன்றும். ஆனால் கப்பல் ரேடார்கள் 3, 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவை. துறைமுகக் கட்டடத்தின் மேல் இருக்கும் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடாரும் எஸ் பேண்ட், அதாவது 3 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே. பழியைக் கடல் மேல் போட வழியில்லை. ஆனால் ரூட்டர்கள் வேறு இரைச்சலை ரேடார் என்று எண்ணி ஓடுவது உண்டு. வழியே திடீரென்று அறுந்து போவதைவிடக் கொஞ்சம் நெரிசலான 149 மேல்.

அமைப்பது பெரிய வேலை இல்லை, அரை மணி நேரம். முதலில் பிரவுசரில் ரூட்டரின் அமைவுப் பக்கத்தைத் திறங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1, பாஸ்வேர்டு பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். பேக்ஹால் ரேடியோவின் சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் ரூட்டர் நள்ளிரவில் சேனல் மாறும், எக்ஸ்டெண்டர் அதைத் தேடி அலையும். அந்த ரேடியோவுக்கு மட்டும் தனிப் பெயர் கொடுத்து, பெயர் வெளியே தெரியாமல் மறைத்துவிடுங்கள். மறைப்பது பாதுகாப்புக்காக இல்லை, வீட்டில் யாரும் போனை அதில் இணைத்துவிடாமல் இருப்பதற்காக. பாதுகாப்பு முறைக்கு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிகேஐபி என்ற பழைய பூட்டு முறை தேர்வாகியிருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. காரணமே தெரியாமல் மெதுவாக ஓடும் பல இணைப்புகளில் குற்றவாளி இதுதான்.

பிறகு எக்ஸ்டெண்டரை ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து அமைத்து முடியுங்கள். முகவரி 192.168.1.2 என்று கொடுங்கள், டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி பங்கிடும் வேலை, அதை ரூட்டரே பார்த்துக்கொள்ளும்) அணையுங்கள், மறைத்த பெயரையும் பாஸ்வேர்டையும் கையால் அடியுங்கள். போன்களுக்கான பெயரும் பாஸ்வேர்டும் முன்னறையில் உள்ளதே இருக்கட்டும், நடந்து போகும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். டபிள்யூடிஎஸ் என்ற தேர்வு இருந்தால் இரண்டு பெட்டியிலும் இயக்குங்கள். சாதாரணமாக வைஃபை பொட்டலத்தின் தலையில் மூன்று முகவரிகள் போகும். நடுவில் ஒரு இடைத்தரகர் இருந்தால் முதலில் அனுப்பியவர், இப்போது அனுப்புபவர், இப்போது வாங்குபவர், கடைசியில் வாங்குபவர் என நான்கு வேண்டும். டபிள்யூடிஎஸ் அந்த நான்காவது இடத்தைத் திறக்கிறது. அது இல்லாத எக்ஸ்டெண்டர், பின்னால் இருக்கும் எல்லாச் சாதனங்களையும் தன் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கும். பிரிண்டர் காணாமல் போவது, போனிலிருந்து டிவிக்குப் படம் போகாமல் நிற்பது எல்லாம் அதன் விளைவு. இரண்டு வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகளுக்கு நடுவே டபிள்யூடிஎஸ் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கலாம். ஈஸிமெஷ் (வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகள் ஒத்துப்போவதற்கான பொது முறை) முத்திரை உள்ள இரண்டு பெட்டிகள் என்றால் இந்தச் சிக்கல் குறைவு.

ஃபைபர் பெட்டியும் தனி ரூட்டரும் இருந்தால் ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அது சும்மா கத்திக்கொண்டிருக்கும். பேக்ஹால் ஓடும்போதே எக்ஸ்டெண்டரையும் ரூட்டரையும் லேன் கேபிளால் யாராவது இணைத்துவிட்டால் பொட்டலங்கள் வட்டமடித்து வீட்டு நெட் முழுவதும் சில வினாடிகளில் உறைந்துவிடலாம். கேபிளை உருவினால் சரியாகும். கேபிளே இழுக்க முடிகிற வீடு என்றால் இத்தனை பாடும் தேவையில்லை. 20 மீட்டர் கேட் 6 லேன் கேபிள் எந்த ரேடியோவையும் மிஞ்சும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் ஒத்துக்கொள்ளாத இடத்தில்தான் இந்தப் பாடம் எல்லாம்.

சோதிக்க ஸ்பீடு டெஸ்ட் மட்டும் போதாது, அது இணையத்தையும் சேர்த்து அளக்கிறது. ரூட்டரில் கேபிளால் ஒரு லேப்டாப், எக்ஸ்டெண்டரில் கேபிளால் இன்னொன்று, இரண்டிலும் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளைப் போட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 150-க்கு மேல் வந்தால் நிம்மதி. பிறகு 192.168.1.1-க்குத் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சின்னப் பொட்டலம்) அனுப்பிப் பாருங்கள். 5 மில்லிவினாடிக்குள் நிலையாக இருக்க வேண்டும். திடீரென 80, 200 என்று துள்ளினால் வேகம் எவ்வளவு காட்டினாலும் வீடியோ கால் விக்கும். சேனலை மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்டெண்டரை ஒரு மீட்டர் நகர்த்துங்கள். 5.5 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர்தான் என்பதால் ஒரு சாண் தள்ளினாலே படம் மாறுவதும் உண்டு.

மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் எக்ஸ்டெண்டர் வைப்பவர்களுக்கு ஒன்று. வீட்டு வைஃபை பெட்டிகள் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும் என்றுதான் செய்யப்படுகின்றன. கத்திரி வெயிலில் ஷீட்டுக்குக் கீழே அதைத் தாண்டிவிடும். மத்தியானம் மட்டும் இணைப்பு அறுகிறது என்றால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். ஷீட்டை ஒட்டி மாட்டாமல், காற்றுப்படும் சுவரில் இடுப்புயரத்துக்கு இறக்கினால் போதும்.

கரண்ட் போய் வந்தபிறகு நடப்பது இன்னொன்று. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். எக்ஸ்டெண்டர் அதற்கு முன்பே எழுந்து, பேக்ஹாலைக் காணாமல் சில மாடல்களில் அமைவு நிலைக்கே திரும்பிவிடும். முன்னறையில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் போட்டுவிட்டால், எக்ஸ்டெண்டர் எப்போது எழுந்தாலும் வழி திறந்தே இருக்கும். வாங்கும்போது இரண்டு அடாப்டரின் ஆம்பியரையும் கூட்டிப் பாருங்கள். 1 ஆம்பியர் ஒன்று, 1.5 ஆம்பியர் ஒன்று என்றால் 2 ஆம்பியர் யுபிஎஸ் போதாது.