ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்: முன்நின்று நடத்தும் வேலை

காட்பாடிப் பக்கம் கல்லூரிகளை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் ‘ப்ராஜெக்ட் பைண்டிங் செய்து தரப்படும்’ என்று எழுதியிருப்பார்கள். மார்ச், ஏப்ரல் வந்தால் அங்கே கூட்டம் தாங்காது. கடைசி ஆண்டு மாணவருக்கு ப்ராஜெக்ட் என்பது ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து அடித்த ஒரு புத்தகம். அதே தெருவில் குடியிருக்கும் ஐடி பையனைக் கேட்டால், “இப்போ ப்ராஜெக்ட்ல இல்ல, பெஞ்ச்ல இருக்கேன்” என்பான், அதாவது எந்த வேலையும் ஒதுக்கப்படாமல் காத்திருக்கிறான். அவனுக்கு அது வேலை நிலைக்குமா என்பதைச் சொல்லும் சொல். நான்காம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவுக்கோ, இரவு ஒன்பதரை மணிக்கு “நாளைக்குக் கொண்டுபோகணும்மா” என்று தெரியவந்து, தெர்மாகோல் வாங்கக் கடை தேடி ஓட வைக்கிற சங்கதி.

இந்தச் சொல்லோடு மேனேஜ்மென்ட்டும் ஒட்டிக்கொண்டால் இன்னும் குழப்பம். அது ஏதோ எம்.பி.ஏ. படித்தவர்கள் குளிர்பதன அறையில் செய்யும் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை.

முதலில் ப்ராஜெக்ட். மூலம் லத்தீன். ‘ப்ரோ’ என்றால் முன்னால், ‘யாக்கெரே’ என்றால் எறிதல். முன்னால் எறியப்பட்டது எதுவோ அது ப்ராஜெக்ட். சினிமாக் கொட்டகையில் ஒளியை முன்னால் எறிகிற ப்ரொஜெக்டரும் இதே வயிற்றில் பிறந்ததுதான். உள்ளே செலுத்தும் இன்ஜெக்‌ஷனும், திருப்பி எறியும் ரிஜெக்டும் ஒன்றுவிட்ட உறவுகள். ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் வரைவு, எண்ணம் என்ற அளவில்தான் இருந்தது. எண்ணியதைச் செய்து முடிப்பதுவரை எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் பொருள் பிறகு வளர்ந்தது.

தமிழில் இதற்குக் கைக்கு முதலில் வருவது ‘திட்டம்’. இந்தச் சொல்லை வேலூர்ப் பக்கத்துச் சமையற்கட்டில் கேட்க வேண்டும். “உப்பு திட்டமா இருக்கு” என்றால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அளவாக இருக்கிறது என்று பொருள். ‘எனக்குத் திட்டமாகத் தெரியாது’ என்றால் உறுதியாகத் தெரியாது. ‘திட்டவட்டம்’ என்பதிலும் இந்த உறுதிதான் இருக்கிறது. ஆக, அளவும் உறுதியும்தான் திட்டத்தின் உயிர். ஆம்பூரில் சீரக சம்பா அரிசிக்குத் தண்ணீர் ஊற்றும் பிரியாணி மாஸ்டர் தாளும் பேனாவும் இல்லாமல் திட்டம் போடுகிறவர்தான். தண்ணீர் கொஞ்சம் கூடினால் அண்டா முழுக்கப் போச்சு.

ஆனால் இன்றைய எழுத்துத் தமிழில் திட்டம் மேல் சுமை அதிகம். 1951இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டமும் திட்டம். 1982இல் வந்த சத்துணவுத் திட்டமும் திட்டம். ஏலகிரிக்குப் போகலாம் என்று நண்பர்கள் டீக்கடையில் போடுவதும் திட்டம். ஆங்கிலத்தில் பிளான், ஸ்கீம், ப்ராஜெக்ட் என மூன்று சொல்லாக நிற்பவை இங்கே ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. போட்டது திட்டம் என்றால், செய்து முடித்தது என்ன?

இதற்கு விடை செய்தித்தாளில் தினமும் கிடக்கிறது. ‘முடிவுற்ற திட்டப் பணிகளைத் திறந்து வைத்தார், புதிய திட்டப் பணிகளுக்கு அடிக்கல் நாட்டினார்.’ அரசுச் செய்தி நடை என்று நாம் தாண்டிப் போகும் இந்த வாக்கியத்தில்தான் ப்ராஜெக்ட்டுக்கு நான் பார்த்ததில் சரியான தமிழ் இருக்கிறது: திட்டப்பணி. திட்டமும் உண்டு, பணியும் உண்டு. அடிக்கல் ஒரு நாள், திறப்பு ஒரு நாள். தொடக்கமும் முடிவும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பள்ளிகளில் வழங்கும் ‘செயல்திட்டம்’ எனக்கு அவ்வளவு ஒப்பவில்லை. அது ஆக்‌ஷன் பிளான் என்பதற்கும் வழங்குகிறது.

இலங்கைத் தமிழர்கள் வேறு வழியில் போயிருக்கிறார்கள். அங்கே ‘கருத்திட்டம்’, ‘செயற்றிட்டம்’ என்பார்கள், மேனேஜ்மென்ட்டுக்கு ‘முகாமைத்துவம்’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேலூரில் சொன்னால் எந்த முகாம் என்று கேட்பார்கள், அதுதான் சிக்கல்.

திட்டப்பணிக்கு முடிவு உண்டு என்பது சின்ன விஷயம் அல்ல. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு தரும் வரையறையே இதைத்தான் பிடித்துக்கொள்கிறது: தற்காலிகமான முயற்சி, அதன் முடிவில் தனித்தன்மை உள்ள ஒரு பொருளோ சேவையோ விளைவோ கிடைக்க வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டு நம் மலையிலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில், பழைய வடஆற்காடு மாவட்டத்துக் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. அதை உருவாக்கும் முயற்சியை முன்னெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1982இல் அவர் காலமாகிவிட்டார். தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கியது. கட்டி முடித்தது திட்டப்பணி. அன்றிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அன்றாடப் பணி. இரண்டுக்கும் வேண்டிய திறமை வேறு வேறு. தலைவர் போன பிறகும் பணி நடந்து முடிந்தது என்றால், அது அவர் தலைக்குள் மட்டும் இருக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் மேனேஜ்மென்ட். லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. அதிலிருந்து இத்தாலியில் ‘மனெஜ்ஜாரே’, கையாளுதல். குறிப்பாகக் குதிரையைப் பழக்கிக் கையாளுதல். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நம் ‘கையாள்’ என்பதிலும் கைதான் இருக்கிறது, யாரும் கடன் வாங்காமலே. ஆனால் நாம் நிலைநிறுத்திக்கொண்ட சொல் ‘மேலாண்மை’. பழைய தாளாண்மை, வேளாண்மை வரிசையில் அமைந்த நல்ல ஆக்கம்தான், மாற்றச் சொல்லவில்லை. ஒரே குறை, அதில் ‘மேல்’ ஏறி உட்கார்ந்துகொண்டது. மேலே இருப்பவர் செய்வது மேலாண்மை என்ற எண்ணம் அதனால் வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மூலச்சொல்லில் மேலும் இல்லை, கீழும் இல்லை, கை மட்டும்தான்.

பேச்சுத் தமிழ் இதை இன்னொரு பக்கம் இழுத்துப் போய்விட்டது. “எப்படியோ மேனேஜ் பண்ணிட்டேன்” என்றால் சமாளித்துவிட்டேன் என்று பொருள். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டோ சமாளிக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது. ஒரே சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு வாழ்க்கை.

இந்த வித்தியாசத்தை நான் என் செலவில் கற்றேன். வீடு கட்டும்போது தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்தது, மறுநாள் கான்கிரீட். மேஸ்திரி இரண்டு முறை கேட்டார், “எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிட்டீங்களா சார்?” சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தேன், தேதியைச் சொல்லவில்லை. கான்கிரீட் போடும் முன்பே கம்பிகளுக்கு இடையில் பைப் போட்டுவிட வேண்டும். போட்ட பிறகு தளம் தளம்தான். விடியற்காலையில் ஆளைப் பிடித்து வந்தும் இரண்டு அறைகளுக்கு மட்டும்தான் பைப் போட முடிந்தது. மற்ற அறைகளில் இன்றும் வயர் சீலிங்குக்கு வெளியே பட்டைக் குழாயில் ஓடுகிறது. காடி வெட்டிக்கொள்ளலாமே என்றார் ஒருவர். சுவரில் வெட்டலாம், தளத்தில் யார் வெட்ட விடுவார்கள்?

எந்த வேலை எதற்கு முன் முடிய வேண்டும், எது ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும் என்று கண்டுபிடிக்கும் முறைகள் 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவாயின. ஒன்று டியூபான்ட் நிறுவனத்தின் ஆலைப் பணிகளுக்காக, மற்றொன்று கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைக்காக. அந்தத் தள்ளக்கூடாத வேலைகளின் வரிசையை ஆங்கிலத்தில் கிரிட்டிகல் பாத் என்பார்கள். என் மேஸ்திரி அதை இரண்டு முறை கேட்டார். மேஸ்திரி என்ற சொல்கூட போர்த்துகீசியர் தந்த ‘மெஸ்த்ரே’, ஆசான்.

தேதி தள்ளிப்போகவே முடியாத பணிக்கு குடியாத்தத்தைப் பார்க்க வேண்டும். கெங்கையம்மன் சிரசு திருவிழா வைகாசி முதல் தேதி. மழை வந்தாலும் ஆள் வராவிட்டாலும் வைகாசி ஒன்று வைகாசி ஒன்றுதான். சிரசு ஊர்வலம், பூ, கூட்டம், தண்ணீர்ப் பந்தல், ஆற்றங்கரை என்று எத்தனை கைகள் சேர வேண்டும்! எந்த வேலை எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று கோடு போட்டுக் காட்டும் கேன்ட் சார்ட்டை யாரும் அங்கே போட்டு ஒட்டுவதில்லை. யார் எதைச் செய்வது என்பது ஊருக்குத் தெரியும், செய்யாவிட்டால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.

அதே போல வேலூர் காந்தி ரோட்டில், வங்காள எழுத்தில் பலகை வைத்த லாட்ஜ்களில் தங்கி, மருத்துவத்துக்காக வாரக்கணக்கில் இருக்கும் குடும்பங்கள். எந்தச் சோதனை முதலில், அதன் முடிவு வர எத்தனை நாள், திரும்புவதற்கு ரயில் டிக்கெட்டை எப்போது போடுவது, கையிருப்பு எத்தனை நாள் தாங்கும்? நோயாளியின் தம்பியோ மகளோ ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் படிப்பும் அவர்களுக்கு இதைச் சொல்லித்தந்திருக்காது.

பழந்தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்றால், இருந்தது. அதை நாமே கெடுத்துக்கொண்டோம். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்கிறது 671ஆம் குறள். சூழ்ச்சி என்றால் அங்கே ஆராய்தல், கலந்து எண்ணுதல். அது முடிவது துணிவில். அந்தத் துணிவு எடுத்த பிறகு தாமதத்தில் தங்கிக் கிடப்பது தீது என்று அடுத்த அடி சொல்கிறது. 675ஆம் குறளோ பொருள், கருவி, காலம், வினை, இடம் என ஐந்தையும் ஐயமற எண்ணிச் செய்யச் சொல்கிறது. இன்று ஒரு அலுவலகத்தில் போய் ‘நான் சூழ்ச்சி செய்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, எதை எழுதுவது? எழுத்தில் திட்டப்பணி, திட்டப்பணி மேலாண்மை. பேச்சில் ப்ராஜெக்ட் என்றே இருக்கட்டும், குற்றமில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்கிறவரைச் சொல்ல வேண்டி வந்தால், ஊரில் ஏற்கெனவே ஒரு தொடர் இருக்கிறது: ‘கல்யாணத்தை முன்நின்று நடத்தினார்.’ லத்தீன்காரர் முன்னால் எறிந்தார். நம்மவர் முன்னால் நின்றார்.

எங்கள் குடும்பத்தில் அப்படி நின்றவர் ஒரு சித்தப்பா. மண்டபம் பேசுவது, சமையல்காரருக்கு முன்பணம், ஆரணிக்குப் போய்ப் பட்டு எடுப்பது எல்லாவற்றிலும் யாரையாவது அனுப்பிவிடுவார். ஒன்றுக்கு மட்டும் யாரையும் அனுப்ப மாட்டார். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில், எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, வாடகைப் பாத்திரக் கடைக்கு அவரே போவார். அண்டா, தவலை, தாம்பாளம் என்று எண்ணி ஒப்படைத்து, காணாமல் போன இரண்டு கரண்டிக்குக் காசு கட்டி, சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து மொய் நோட்டுக்குள் மடித்து வைப்பார்.