ஈசி சுத்தமா இருக்கு என்று சொல்லிக்கொண்டு இனி யாரும் வராதீர்கள்

"வக்கீலம்மா, வில்லங்கமெல்லாம் சுத்தமா இருக்கு. சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமை மீதியக் குடுத்துடணும்."

போன செவ்வாய்க்கிழமை கீழக்கரையிலிருந்து வந்த ஒரு லாத்தா (அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை இப்படித்தான் அழைப்பார்கள்) இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். கணவர் இருபத்தோரு வருஷமாக வளைகுடாவில் இருக்கிறார். மகனுக்குச் சென்னையில் வேலை. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர்ப் பக்கம் ஒரு தனி வீடு, 74 லட்சம். சேது எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஏழு வீடு பார்த்து, ஏழாவது வீட்டுக்கு அங்கேயே டோக்கன், அதாவது சிறு முன்பணம், போட்டுவிட்டு ஞாயிறு ராத்திரி ரயில் ஏறிவிட்டார்கள். அடுத்த பத்து நாளில் 12 லட்சம் கைமாறியிருக்கிறது. அதில் 2 லட்சம் வங்கி வழியாக, 10 லட்சம் ரொக்கமாக.

பொங்கலுக்குப் பிறகு இதே மாதிரி என் மேஜைக்கு வந்த ஐந்தாவது ஃபைல் இது. ஐந்து பேருமே பணத்தைக் கொடுத்த பிறகுதான் வந்தார்கள். ஐந்து பேரும் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றுதான்: ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தமா இருக்கு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஃபைலில் இருந்தவை: விற்பவரின் ஆதார் நகல், வீட்டுவரி ரசீது, பட்டா, ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஜெராக்ஸ், நோட்டரி கையெழுத்துப் போட்ட ஒரு ஒப்பந்தம், பிறகு அந்த ஈசி. ஈசியை மட்டும் கலரில் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார். 1995 ஜனவரியிலிருந்து போட்டிருக்கிறார்கள். மூன்றே பதிவுகள். 2001இல் அடமானம், 2008இல் அது தீர்ந்ததற்கான ரசீது, 2021இல் அண்ணன் தம்பி இருவருக்குள் பாகப்பிரிவினை. வீடு அண்ணன் பாகத்துக்கு வந்திருக்கிறது. அவர்தான் விற்கிறார். பார்த்தால் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது.

நான் ஒன்றுதான் கேட்டேன். "அந்த வீட்டுல பொம்பளப் பிள்ளைங்க உண்டா லாத்தா?"

"ரெண்டு பேர் இருக்காங்களாம். கட்டிக் குடுத்து ரொம்ப நாளாச்சாம். ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு புரோக்கர் சொன்னாரு."

பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் புரட்டினால், வீடு விற்பவரின் அப்பா 1987இல் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 2009இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், தாயும் இப்போது இல்லை. அப்படியானால் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. இதற்கு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்த 1989ஆம் வருடத் தமிழ்நாட்டுத் திருத்தமும் வேண்டாம், 2005ஆம் வருட மத்தியத் திருத்தமும் வேண்டாம். தகப்பனின் தனிச் சொத்தில் மகனும் மகளும் சமம் என்பது 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நாலு பேர் சொத்தை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு பதிவு செய்திருக்கிறார்கள். சார்பதிவாளர் பதிந்துவிட்டார். ஈசியில் ஏறிவிட்டது. லாத்தா அதை லேமினேட் செய்துவிட்டார்.

நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரைப் போட்டுச் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றங்களில் தேடினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. போன வருஷமே தங்கைகள் இருவரும் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். மொபைலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். இவர் இருக்கும் வீடே இவருடைய வாப்பா கொடுத்ததுதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணுகளுக்கும் பங்கு இருக்குதானே வக்கீலம்மா?" என்று அவரே கேட்டார்.

இருக்கிறது. ஆனால் அது ஈசியில் இருக்காது.

இதைத்தான் எத்தனை தடவை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை. வில்லங்கச் சான்று என்பது சொத்து யாருடையது என்று அரசாங்கம் கொடுக்கும் உத்தரவாதம் என்று நினைக்கிறீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு குறிப்பிட்ட சர்வே எண்ணுக்கு, நீங்கள் கேட்ட தேதியிலிருந்து கேட்ட தேதி வரை என்னென்ன பத்திரம் பதிவானது என்ற பட்டியல்தான் அது. கடைக்காரர் வரவுசெலவு நோட்டைப் பார்த்து நாலு வரி எழுதிக் கொடுப்பது போல. நோட்டில் எழுதாத கடன் அதில் வராது.

எது வராது? ஒருவர் இறந்துபோனது வராது. அவருக்கு எத்தனை வாரிசு என்பது வராது. பதிவு செய்யாத உயில் வராது. உயிலைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பதிவு செய்தாலும் அது தனிப் புத்தகத்தில் இருக்கும், நீங்கள் எடுக்கும் ஈசியில் தெரியாது. வாய்மொழியாகக் குடும்பத்துக்குள் பிரித்துக்கொண்டது வராது. யாரோ வழக்குப் போட்டிருக்கிறார் என்பது தானாக ஏறாது. ஆனால் வழக்கு நடக்கும்போது நீங்கள் வாங்கினால் அந்தத் தீர்ப்பு உங்களையும் கட்டும். மைனர் பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தகப்பனார் விற்றிருந்தால், ஈசியில் அது சாதாரணக் கிரையம் மாதிரிதான் நிற்கும். அந்தப் பிள்ளை 18 வயதானதிலிருந்து மூன்று வருஷத்துக்குள் அதை எதிர்த்து நிற்கலாம்.

தேடுவதிலும் கோளாறு உண்டு. 112/3 என்ற சர்வே எண் உட்பிரிவாகி 112/3பி ஆகியிருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் நடந்த கிரையம் வராது. சென்னைப் புறநகரில் கிராமங்களை ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருப்பார்கள், பழைய கணக்கு பழைய இடத்தில் இருக்கும். எண்ணைத் தப்பாகப் போட்டால் 'வில்லங்கம் இல்லை' என்றே சான்று வரும். அந்த வெற்றுச் சான்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். நாற்பது வருஷம் பழைய வீட்டுக்கு ஒரு பதிவுகூட இல்லை என்றால் அங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கும்.

"பதிவு பண்றப்ப ஆபீஸர் பாத்துத்தானே பண்ணுவார்?" என்பது அடுத்த கேள்வி. உரிமையைப் பார்க்க மாட்டார். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை. அது வாங்குகிறவரின் வேலை. "பேங்க்ல லோன் குடுக்குறான், லீகல் பாக்காமலா குடுப்பான்?" என்பார்கள். வங்கி தன் கடனுக்குத்தான் பார்க்கிறது. வழக்கு வந்தால் தவணையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நாம் ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்க்காரர்கள். கலுங்கு எங்கே, மடை எங்கே, வரத்துக்கால் எந்தப் பக்கம் என்று நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கண்மாய் உள்வாயில், தண்ணீர் தேங்கும் இடத்தில், யாராவது வீடு கட்டினால் ஊரே பேசும். அதே நாம் சென்னைக்குப் போனதும் ஏரி உள்வாயில் நின்றுகொண்டு 'காத்து நல்லா வருது' என்கிறோம். முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் எப்படி இருந்தன என்று தொலைக்காட்சியில் எல்லோரும்தான் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் திரும்பவும் படகு ஓடியது. நம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் இருக்கும் அதே ராம்சார் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்கள்) பட்டியலில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் 2022 முதல் இருக்கிறது. அதை ஒட்டி ஒருவர் விலை குறைத்துக் கொடுக்கிறார் என்றால் ஏன் என்று கேளுங்கள். வருவாய்த்துறை இணையதளத்தில் அ-பதிவேடும் (நிலத்தின் வகை எழுதிய கணக்கு) புலப்படமும் (நிலத்தின் வரைபடம்) பார்க்கலாம். ஏரி, வாய்க்கால், மேய்க்கால், புறம்போக்கு என்று ஒரு சொல் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அந்தத் தெருவில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு பெண்மணியிடம், 2015இல் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

அடுக்குமாடி வாங்குகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்த நிலத்தில் உங்கள் வீட்டோடு வரும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று முதலில் கேளுங்கள். வீடு 1,200 சதுர அடி என்பார்கள், உள்ளே கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் நீங்கள் புழங்கும் இடம், 850கூட இருக்காது. எட்டு வீட்டுக்கு மேலும் 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலும் உள்ள புதுத் திட்டம் ரெரா (கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு இல்லாமல் விற்பனைக்கே வரக்கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் கேட்கவும் கூடாது. கேட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் கணவர்மார்களுக்கு. பவர் (உங்கள் சார்பில் கையெழுத்துப் போட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்புவதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்து வராதீர்கள். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது. 'பிளாட் போடப் போறோம்' என்று சொல்லி நஞ்சையைத் தலையில் கட்டுவார்கள், அங்கீகாரம் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். விற்கிறவர் பவர் வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்த நிமிஷமே அந்தப் பவர் செத்துவிடும். டாக்டர் கொடுத்த உயிர்ச் சான்று மட்டும் போதாது, முடிந்தால் அவரிடம் வீடியோ காலில் பேசுங்கள்.

பணம் பற்றி. ரொக்கம் கொடுக்காதீர்கள். சொத்து விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. லாத்தா கொடுத்த 10 லட்சத்துக்கு இன்றைக்கு என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை, அவர் மகனைத் தவிர. கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். பதிவு செய்தால் உங்கள் பெயர் ஈசியில் ஏறும், அடுத்தவருக்கு விற்க யோசிப்பார்கள். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் வரி பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். தனி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். 74 லட்சம் வீட்டுக்கு அதுவே 6 லட்சத்து 66 ஆயிரம். கடைசி நாளில் நகையை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்றால், தாய்ப்பத்திரத்தின் அசலைப் பாருங்கள். ஜெராக்ஸ் வேண்டாம். அசல் வங்கியில் இருக்கிறது என்றால் வங்கிக்கே போய்ப் பாருங்கள். ஈசி முப்பது வருஷத்துக்காவது, பழைய எண் புதிய எண் இரண்டுக்கும் போடுங்கள். நடுவில் யார் இறந்திருந்தாலும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். வாரிசுச் சான்றில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள், முக்கியமாகப் பெண்களின் பெயர். ஈகோர்ட்ஸில் பெயர் போட்டுத் தேடுங்கள். பக்கத்து வீட்டில் பேசுங்கள்.

இதெல்லாம் செய்ய ஒரு வாரம் போதும். "இன்னைக்கு டோக்கன் போடலேன்னா நாளைக்கு வேற பார்ட்டி முடிச்சிருவாங்க" என்று சென்னையில் சொல்லாத புரோக்கர் கிடையாது. முடிக்கட்டும். உங்கள் இருபது வருஷ உழைப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டு வராதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம்தான் வர வேண்டும் என்று இல்லை. ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ உங்களுக்குத் தெரிந்த எந்தச் சிவில் வக்கீலிடமாவது காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினாலும் முதல் பார்வைக்குப் போதும். பணம் கொடுக்கும் முன்னால் அனுப்புங்கள். பார்க்கும் கூலி நீங்கள் சென்னைக்குப் போய்வரும் ரயில் செலவுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் மேல் பெரிதாக வராது.

லாத்தாவுக்காக வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். 2 லட்சம் வங்கிக் கணக்கில் தெரிவதால் அதைக் கேட்க வழி இருக்கிறது. 10 லட்சத்துக்குப் புரோக்கரோடு மகன் பேசிய குரல் பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். விற்பவர் நேற்று போனில் மரியாதையாகத்தான் பேசினார். "வேற பார்ட்டி அட்வான்ஸ் குடுத்ததும் உங்க பணத்தத் திருப்பிடுறேன் மேடம்" என்றார். இந்தச் சனிக்கிழமை காலையில் வேறு ஒரு குடும்பம் அந்த வீட்டைப் பார்க்கப் போகிறது. அவர்களுக்கும் அதே மூன்று பதிவுள்ள ஈசியைத்தான் காட்டுவார்கள்.