17-ம் 29-ம்: கைதி முகாமில் சுழன்ற இரண்டு சக்கரங்கள்

"போர்க்கைதிகள் முகாமில் எழுதிய இசை என்கிறார்கள். கேட்டால் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, தாளமும் பிடிபடவில்லை. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானின் 'காலத்தின் முடிவுக்கான குவார்ட்டெட்' (நால்வர் வாசிக்கும் இசை) பற்றிய கேள்வி அது.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப் போரில், 1940-ல் ஜெர்மானியப் படை மெசியானைப் பிடித்து, கோர்லிட்ஸ் ஊரில் இருந்த ஸ்டாலாக் 8-ஏ முகாமில் அடைத்தது. தாளும் பென்சிலும் தந்து உதவியவர் ஒரு ஜெர்மன் காவலர். 1941 ஜனவரி 15 அன்று பியானோ, வயலின், செல்லோ, கிளாரினெட் என்று நான்கு கைதிகள் வாசித்தார்கள். செல்லோவில் மூன்றே தந்திகள் இருந்ததாக மெசியான் பிற்பாடு சொல்லிவந்தார். அந்தச் செல்லோவை வாசித்த பஸ்கியே என்பவரோ நான்கும் இருந்தன என்றார். நான் வாசித்தவர் பக்கம்.

சரி, தாளத்துக்கு வருவோம். முதல் பகுதியில் பியானோவுக்கு இரண்டு வரிசைகள். ஒன்றில் 29 கார்டுகள், அதாவது பல சுரங்களை ஒன்றாக அழுத்தும் கொத்துகள். இன்னொன்றில் 17 கால அளவுகள்: எந்தக் கொத்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கு. இரண்டும் முடிய முடியத் திரும்பத் தொடங்கும்.

முதல் கொத்து முதலில் 1-வது கால அளவில் விழுகிறது. அடுத்த முறை அது வரும்போது 13-வது அளவு காத்திருக்கிறது. அப்புறம் 8, அதன் பின் 3, பிறகு 15. அதே கொத்துதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அது விழுவது அளவு வரிசையின் வேறொரு இடத்தில். 28 கொத்து, 16 அளவு என்று வைத்திருந்தால் 112 தட்டலில் (ஒரு கொத்து விழுவது ஒரு தட்டல்) இரண்டு வரிசையும் ஒன்றாக முடிந்து சந்தித்துவிடும். 29-ம் 17-ம் பகா எண்கள் என்பதால் 493 தட்டல் ஆகும். பகுதியோ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, சக்கரங்கள் சந்திக்கவே இல்லை. காது அடுத்ததை ஊகிக்க முடியாமல் திணறுவது அதனால்தான். கார் பல்சக்கரங்களிலும் இதே தந்திரம் உண்டு: பற்களின் எண்ணிக்கைக்குப் பொது வகுத்தி இல்லாமல் வைத்தால், ஒரே இரண்டு பற்கள் அடிக்கடி உரசித் தேயாது.

எட்டு அட்சர ஆதி தாளத்தில் ஏழு ஏழாகக் கோர்வை போட்டு, 56 அட்சரம் முடிந்து சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, வரும் மிருதங்கக்காரருக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் அவர் சமத்துக்கு வந்து கைதட்டு வாங்குவார். மெசியான் வர மறுக்கிறார். இன்னொரு சங்கதி: அந்த 17 அளவுகளும் சாரங்கதேவரின் 13-ஆம் நூற்றாண்டு 'சங்கீத ரத்னாகர'த்தில் உள்ள ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீச தாளங்களை அடுத்தடுத்து வைத்துக் கட்டியவை.

17-ஐக் கூட்டினால் 8, சனியின் எண் என்று வண்டி நம்பரை மாற்றுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த எண்ணிடம் ரசிக்க வேண்டியது அது எதாலும் வகுபடாமல் நிற்பதைத்தான்.

பியானோ இப்படி விதி பிசகாமல் சுழல, மேலே கிளாரினெட்டும் வயலினும் விடியலுக்கு முந்தைய பறவைகளைப் போல, நினைத்தபோது கூவுகின்றன. அந்தக் கிளாரினெட்டை வாசித்தவர் ஆன்ரி அகோக்கா. சில மாதங்களில் அவர் ஓடும் ரயிலிலிருந்து குதித்துத் தப்பினார். கிளாரினெட் கக்கத்திலேயே இருந்தது.