நியூயார்க்கை விட்டு நகராத லண்டன் டாலர்

குஜராத்தின் கிஃப்ட் சிட்டி என்ற நிதி மண்டலம் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "காந்திநகர் பக்கத்தில் இருக்கும் வங்கிக் கிளை, அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவுக்கு வெளியே இருப்பதாகக் கணக்காம். இது என்ன கூத்து?"

கூத்துதான், ஆனால் பழைய கூத்து. அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க 1950களின் லண்டனுக்குப் போக வேண்டும்.

பெருமந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் கவிழ்ந்தன. டெபாசிட் பிடிக்கும் போட்டியில் வட்டியை ஏற்றிக்கொண்டே போனதும் ஒரு காரணம் என்று கருதி, 1933 வங்கிச் சட்டத்தின் வழியாக வட்டிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அந்த விதிக்கு 'ரெகுலேஷன் க்யூ' என்று பெயர். 1955இல் 30 நாள் டெபாசிட்டுக்கு அமெரிக்க வங்கிகள் அதிகபட்சம் 1% தரலாம். லண்டனின் மிட்லண்ட் வங்கி அதே டாலருக்கு 1.875% தந்தது. வந்த டாலரை விற்றுப் பவுண்டாக்கிக்கொண்டு, தவணை முடியும்போது டாலரைத் திரும்ப வாங்க அன்றே விலை பேசி வைத்தது. டெபாசிட் வட்டி, டாலரைத் திரும்ப வாங்கும் செலவு எல்லாம் சேர்த்து அதற்குப் பவுண்டு 4% வட்டிக்குக் கிடைத்தது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி அப்போது 4.5%. அந்த மத்திய வங்கி இதைக் கவனித்தது, விசாரித்தது, தடுக்காமல் விட்டுவிட்டது.

(இந்தக் கணக்கு நமக்குத் தெரிவதே யாரோ பழைய வங்கிக் கோப்புகளைப் பொறுமையாகப் புரட்டியதால்தான். இப்படியொரு ஆய்வுக்கு நிதி கேட்டால் 'இதனால் என்ன பயன்?' என்றுதான் முதலில் கேட்பார்கள்.)

டாலர் லண்டனுக்கு வந்தது என்று எழுதினேன். உண்மையில் அது வரவே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஓர் இத்தாலிய வியாபாரி நியூயார்க் வங்கியில் 10 லட்சம் டாலர் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அதை ஒரு லண்டன் வங்கிக்கு மாற்றச் சொல்கிறார். லண்டன் வங்கிக்கும் நியூயார்க்கில் ஒரு கணக்கு உண்டு. நியூயார்க் லெட்ஜரில் வியாபாரியின் கணக்கில் பற்று, லண்டன் வங்கியின் கணக்கில் வரவு. வேலை முடிந்தது. அமெரிக்க வங்கிகளிடம் இருந்த பணத்தில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை, பெயர்தான் மாறியது. ஆனால் லண்டனில் புதிதாக ஒரு கடன் பிறந்துவிட்டது: 'கேட்கும்போது உங்களுக்கு 10 லட்சம் டாலர் தருவோம்' என்ற வாக்கு. நாணயம் அமெரிக்காவுடையது, வாக்கு ஆங்கிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ரெகுலேஷன் க்யூ அதைத் தொட முடியாது. பிரிட்டனின் செலாவணிக் கட்டுப்பாடுகளோ பவுண்டைக் காக்க வந்தவை. வெளிநாட்டவர்கள் தங்களுக்குள் டாலரில் கொடுத்து வாங்குவது அவற்றுக்குப் பொருட்டில்லை.

அமெரிக்காவில் வட்டி வரம்பு மட்டுமல்ல, கையிருப்பு விதியும் இருந்தது. டெபாசிட்டில் 10% வட்டியில்லாமல் மத்திய வங்கியில் கிடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 டாலரில் 90ஐத்தான் 6% கடனாக விடலாம்; வரவு 5.40. லண்டனில் நூறையும் கொடுக்கலாம், வரவு 6. அந்த 60 சென்ட்டை டெபாசிட்காரர், கடன்காரர், வங்கி மூவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்புக்கென ஒதுக்கிய பணம்தான் இங்கே லாபமாகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த விளையாட்டின் உச்சம் 1963 ஜூலையில் வந்தது. இத்தாலியின் நெடுஞ்சாலை நிறுவனம் ஆட்டோஸ்ட்ராடே 1.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. ஏற்பாடு செய்தது லண்டனின் வார்பர்க் நிறுவனம். பிரிட்டிஷ் முத்திரைத் தீர்வையைத் தவிர்க்கக் கையெழுத்து ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில், வருமான வரியைத் தவிர்க்க வட்டிப் பட்டுவாடா லக்சம்பர்க்கில்! அதே மாதம் கென்னடி, வெளிநாட்டுப் பத்திரம் வாங்கும் அமெரிக்கர்களுக்கு வரி போடப்போவதாக அறிவித்தார். டாலர் அமெரிக்காவை விட்டு ஓடக் கூடாது என்பது நோக்கம். நடந்தது என்னவென்றால், நியூயார்க்கில் கடன் வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் லண்டனுக்கு நடையைக் கட்டின.

அப்புறம் அமெரிக்கா விழித்துக்கொண்டது. 1981இல் அதே கட்டடத்திலேயே தனி லெட்ஜர் வைத்து, கையிருப்பு விதி இல்லாமல் வெளிநாட்டவருடன் வியாபாரம் செய்யத் தன் வங்கிகளை அனுமதித்தது. வாசகர் கேட்ட கிஃப்ட் சிட்டியும் ஏறக்குறைய இந்த வகைதான். ரெகுலேஷன் க்யூவின் உச்சவரம்புகளும் 1986க்குள் போய்விட்டன. ஆனாலும் லண்டன் சந்தை கலையவில்லை. ஆட்கள், வக்கீல்கள், பழக்கம் எல்லாம் அங்கே சேர்ந்துவிட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, நீதிமன்றம்.

1986 ஜனவரியில் ரீகன் லிபியாவின் சொத்துகளை முடக்கினார். பேங்கர்ஸ் டிரஸ்ட் என்ற அமெரிக்க வங்கியின் லண்டன் கிளையில் ஒரு லிபிய வங்கிக்கு 13.1 கோடி டாலர் இருந்தது. டாலர் நியூயார்க் வழியாகத்தானே நகர முடியும், அங்கேதான் தடை இருக்கிறதே என்று பேங்கர்ஸ் டிரஸ்ட் வாதிட்டது. 1987இல் லண்டன் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கணக்கு லண்டனில் இருக்கிறது, ஆங்கிலச் சட்டம்தான் செல்லும், பணத்தைக் கொடு. வேறு வழி இல்லையென்றால் ரொக்கமாகவே கொடு. பிரிட்டனின் நெருங்கிய கூட்டாளியான அமெரிக்காவின் அதிபர் போட்ட உத்தரவையே ஒரு நீதிபதி ஓரமாக வைத்துவிட்டார். வரிச்சலுகை அறிவிக்க ஒரு பட்ஜெட் உரை போதும், இப்படியொரு பெயரை எடுக்கப் பல தலைமுறை ஆகும் என்பது என் கருத்து.

அவ்வளவு காலம் காத்திருக்க விரும்பாத துபாய், அந்தப் பெயரையே இறக்குமதி செய்துகொண்டது. 2004இல் ஐக்கிய அரபு அமீரகம் தன் அரசியல் சாசனத்தைத் திருத்தி, நிதி மண்டலங்களுக்குக் கூட்டாட்சியின் சிவில், வணிகச் சட்டங்களிலிருந்து விலக்கு அளித்தது. துபாய் நிதி மையத்துக்குள் ஆங்கிலத்தில் நடக்கும் நீதிமன்றம் வந்தது. அதன் முதல் தலைமை நீதிபதி ஆண்டனி எவன்ஸ், இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஓய்வு பெற்றவர்.