செருப்புக் கழன்றது தெரியவில்லையா?

"நரம்பு" என்ற சொல் மட்டக்களப்பில் படாத பாடு படுகிறது. ஊசி போட வந்த தாதி "நரம்பு கிடைக்குதில்ல" என்றால் அது இரத்த நாளம். குதிக்கால் சுளுக்கியவர் "நரம்பு பிசகிட்டு" என்றால் அது பெரும்பாலும் தசைநார். எதுவென்றே பிடிபடாவிட்டால் இருக்கவே இருக்கிறது "நரம்புத் தளர்ச்சி". இயன்மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, நான் முதலில் அவிழ்க்க வேண்டியிருப்பது இந்தச் சிக்கலைத்தான்.

உண்மையான நரம்பைக் கையால் தொட்டுப் பார்க்க ஓர் இடம் உண்டு. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம். அது கதவு நிலையில் இடிபட்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்ததுபோல் ஓடுமே, அந்த நரம்புதான். இடிபட்டது முழங்கை, விறைத்தது சுண்டுவிரல். நடுவழியில் எங்கே சீண்டினாலும் செய்தி நுனியிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்ளும். இடுப்பில் முள்ளெலும்புத் தட்டு விலகி நரம்பு அழுத்தப்பட்டவர் "கெண்டைக்கால் நோகுது" என்று வந்து நிற்பதும் இதனால்தான்.

மூளையும் முதுகெலும்புக்குள் இறங்கும் முண்ணாணும் சேர்ந்தது மைய நரம்புத் தொகுதி. மூளையிலிருந்து 12 சோடி, முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் கிளம்பி உடம்பெங்கும் பரவுகின்றன. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான். சுடு சட்டியில் கை பட்டால் எரிவு தெரிவதற்கு முன்பே கையை இழுத்துக்கொள்கிறோம். அந்தக் கட்டளை முண்ணாணிலிருந்தே வந்துவிடுகிறது, மூளைக்குச் செய்தி பிறகுதான் போய்ச் சேர்கிறது.

நோ வந்தால் ஆள் வந்துவிடுவார். எனக்குப் பயம் நோகாதவற்றில்தான்.

படுவான்கரையிலிருந்து ஒரு வயல்கார ஐயா நாரி நோவுக்கு வந்தார். ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுங்கால்.

"ஐயா, மற்றச் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். "எங்கயோ விழுந்திட்டு போல மனே."

வாசற்படியில் கிடந்தது. உள்ளங்காலைத் திருப்பினேன். பெருவிரலுக்குக் கீழே முறிந்த முள் ஒன்று, சுற்றிவர ஊறி வெளிறிய தோல். எத்தனை நாளாக இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. சீனி வருத்தம் பன்னிரண்டு வருடமாம்.

10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை ஒன்றால் உணர்வைச் சோதிப்போம். அதைக் கண்டதும், "இது தங்கூசிதானே மனே" என்று சிரித்தார். கண்ணை மூடச் சொல்லிக் கையில் தொட்டேன், உடனே சொன்னார். முழங்காலிலும் சொன்னார். பாதத்தில் நான்கு இடம் தொட்டு முடித்த பிறகு கேட்டார், "இன்னும் தொடங்கல்லையா?"

இரத்தத்தில் சீனி கூடியபடியே இருந்தால் நரம்பும், அதற்கு உணவூட்டும் நுண் குழாய்களும் பழுதாகின்றன. நீளமான நரம்புதான் முதலில் அடிபடும். இடுப்பிலிருந்து கால்விரலுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர். ஆகவே விறைப்பு விரல் நுனியில் தொடங்கி, சொக்ஸ் போட்டதுபோல் மேலே ஏறுகிறது. பலருக்கு அதற்கு முன் இராவில் எரிவு, எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. சீனிக்கு மெட்போமின் குளிசை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தும் விறைக்கலாம். அதற்காகப் பாமசியில் "நரம்புக்குச் சக்திக் குளிசை" கேட்டு வாங்காதீர்கள். எதனால் விறைப்பு என்று வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் காலம் வந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். நேர்த்தியைத் தடுக்க நான் யார்? ஆனால் உணர்வில்லாத காலோடு உகந்தை தாண்டிக் காட்டுக்குள் இறங்குகிறவர் கொப்புளம் வெடித்ததும் அறியமாட்டார். தீமிதிப்புக்கும் இதே கதைதான். முருகனிடம் வேறு நேர்த்தி பேசிக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

விறைப்போடு வரும் இன்னொரு நோயின் பெயரைச் சொன்னால் இங்கே முகம் மாறும். தொழுநோய். வாவிக்கு நடுவே மாந்தீவில் அதற்கென்றே வைத்தியசாலை வைத்து ஆட்களைக் கொண்டுபோய் விட்ட ஊர் இது, பயம் லேசில் போகாது. ஆனால் அது கிருமியால் வரும், தோலையும் நரம்பையும் தாக்கும், சுகமாகும் ஒரு நோய். தேமல்போல் வெளிறிய அல்லது சிவந்த படை. கடிக்காது, நோகாது, பஞ்சால் தொட்டால் தெரியாது. சொன்னேனே அந்த முழங்கைப் பள்ளம், அங்குள்ள நரம்பு சிலருக்குக் கயிறுபோல் தடித்திருக்கும். பிறகு சுண்டுவிரல் விறைத்து மடங்கும். அரச வைத்தியசாலையில் 6 அல்லது 12 மாதம் இலவசமாகக் குளிசை கொடுப்பார்கள். குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே நோய் மற்றவருக்குப் பரவாது. மடங்கிய விரலோடு வருகிறவரிடம் "படை எப்ப வந்தது?" என்று கேட்டால், வருடக் கணக்கில் பதில் வருகிறது. அதற்குள் செத்த நரம்பை என் பயிற்சி எழுப்பாது.

பாரிசவாதமும் பெரும்பாலும் நோகாமல்தான் வரும். திடீரென வாய் கோணுவது, ஒரு கை தூக்க ஏலாமல் போவது, பேச்சுக் குழறுவது. எண்ணெய் தேய்த்து விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். இரத்தக் கட்டியால் வந்ததென்று ஸ்கானில் தெரிந்தால், பொருத்தமானவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. அதை அறிகுறி தொடங்கி 4½ மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வயல் வாடியில் தரையில் படுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டுவிரியன் கடி பலருக்கு நோவதே இல்லை, பல் அடையாளமும் தெரியாது. நரம்பின் செய்தி தசைக்குக் கடக்கும் இடத்தை நஞ்சு அடைத்துவிடும். விடியற்புறம் வயிற்றுநோ, இமை தானாகச் சரிவது, விழுங்க ஏலாமை வந்தால் பாம்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். நுளம்புவலையை நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள்.

வலிப்புக்கு இரும்பு வேண்டாம், வாய்க்குள் கரண்டியும் வேண்டாம். பக்கவாட்டில் சரித்து விடுங்கள். 5 நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸ்.

செருப்பு ஐயாவின் மனைவிக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தேன். ஐயா கண்ணை மூடியிருக்க, இரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை விரலால் மெல்லத் தொட வேண்டும். அழுத்தக்கூடாது. ஆறில் இரண்டு தெரியாவிட்டாலே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஐயாவுக்கு ஆறும் தெரியாது. ஆகவே இரவில் டோர்ச் அடித்து உள்ளங்காலைப் பார்ப்பது இப்போது அம்மாவின் வேலை. பின்வார் வைத்த செருப்பும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வரம்புச் சேற்றில் அது இழுபடுகிறதென்று போன கிழமையும் ஐயா என்னிடம் முறையிட்டார்.