வயதான நாய் வீட்டுக்குள் ஒண்ணுக்குப் போகிறதா? முதலில் ஒரு குழிக்கரண்டி எடுங்கள்

தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் ஒரு மாலை நேரம் கறுப்பு லாப்ரடார் ஒன்றை என் கிளினிக்குக்குக் கூட்டி வந்தார்கள். பெயர் செல்லம்மா. பல்லையும் கண்ணையும் பார்த்தால் எட்டு வயது சொல்லலாம். குட்டி விற்பவர் ஒருவர் கூண்டிலேயே வைத்து ஈத்துக்கு மேல் ஈத்து எடுத்துவிட்டு, இனி ஆகாது என்றதும் கைகழுவிய நாய் அது. காப்பகத்தில் எடுத்துக் கருத்தடை செய்து, நான்கு மாதம் வைத்திருந்து இவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். சிமெண்ட் தரையிலேயே படுத்துப் படுத்து முழங்கைத் தோல் யானைத் தோல்போலக் காய்த்திருந்தது.

"டாக்டர், நாப்பது நிமிஷம் ரோட்டுல நடக்க வைக்கிறோம். ஒரு சொட்டு விடமாட்டேங்கிறா. வீட்டுக்குள்ள வந்து டைல்ஸ்ல கால் வச்சதும் விட்டுடறா. வேணும்னே பண்றா போலிருக்கு" என்றார் அந்த அம்மா. அதில் கோபம் இல்லை. இரண்டு வாரமாக முட்டி போட்டுத் தரை துடைத்த களைப்புதான் இருந்தது. வயசான நாய் பழகாது, திருப்பி விட்டுவிடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லத் தொடங்கிவிட்டார்களாம்.

வேண்டுமென்றே செய்வது, பழிவாங்குவது, வீம்பு ஆகிய மூன்று வார்த்தைகளும் வாரத்துக்கு ஒருமுறையாவது என் மேசைக்கு வருகின்றன. நாய்க்குச் சிறுநீர் என்பது வெறும் சிறுநீர்தான். அதை வைத்து யாரையும் பழிவாங்கும் யோசனை அதற்கு வராது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட நாய் ஒன்று புது வீட்டில் இப்படிச் செய்தால் நான் கேட்பது இரண்டே கேள்விகள். அதனால் அடக்க முடிகிறதா? முடிகிறது என்றால், கழிப்பிடம் எது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது? முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் பயிற்சியை ஆரம்பிப்பது அந்த நாய்க்குச் செய்யும் அநியாயம்.

அதனால்தான் குழிக்கரண்டி. வீட்டில் பழைய சாம்பார்க் கரண்டி ஒன்று இருக்கும், நீளக் கைப்பிடியோடு. அதை நன்றாகக் கழுவிக் காயவைத்து, இனி நாய்க்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். காலையில் நாய் முதன்முதலாக உட்காரும்போது பின்பக்கமாக மெதுவாக நீட்டுங்கள். முதல் இரண்டு விநாடி விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்தால் போதும். நான்கைந்து ஸ்பூன் அளவு இருந்தாலே சோதனைக்குத் தாராளம். சுத்தமான பாட்டிலில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். பெண் நாய்கள் கரண்டியைப் பார்த்து எழுந்துவிடும், மூன்றாவது நாள் பழகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். தடுப்பூசி வரலாறு தெரியாத நாய் என்றால், மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

கூடவே, அது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்றும் அளந்து எழுதி வாருங்கள். காலையில் லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தைக் கழித்தால் கணக்கு வந்துவிடும். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். 20 கிலோ நாய்க்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குஷிங் எனப்படும் ஹார்மோன் நோய் எல்லாமே இப்படித்தான் தலைகாட்டும். அரிப்புக்காகப் போட்ட ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும்கூடத் தண்ணீரை இழுத்துக் குடிக்க வைக்கும். எங்கோ போட்ட ஊசியை எங்களிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் தனியாக ஒரு எச்சரிக்கை. தீட்டு நின்று சில வாரங்களில் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் போய், சோர்ந்து படுத்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வழியாமலும் இருக்கலாம். பயிற்சி, பழக்கம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஒரு நாள் தாமதம்கூட உயிரைக் குடிக்கும்.

இன்னொன்று அடிக்கடி தவறவிடப்படுகிறது. காது நுனியில் சிறு வெட்டு இருக்கும் தெருநாய்களைப் பார்த்திருப்பீர்கள். கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அப்படி ஒரு பெண் நாயை வயதான பிறகு வீட்டுக்குள் எடுத்த கல்லூரி மாணவி ஒருவர், "தூங்கும்போது பெட்ஷீட் நனையுது சார், எழுந்து பார்த்துட்டு அதுவே பயந்துபோய் ஒதுங்கிக்குது" என்றார். கருத்தடைக்குப் பின் ஹார்மோன் குறைந்து, சிறுநீர்ப்பை வாயின் தசை தளர்ந்துபோவதால் வரும் கசிவு அது. கசிவது நாய்க்கே தெரியாது. தெரியாமல் நடப்பதைப் பயிற்சியால் எப்படி நிறுத்துவது? மருந்து இருக்கிறது, பெரும்பாலான நாய்களுக்கு நன்றாகவே கேட்கும்.

சரி, செல்லம்மாவுக்கு வருவோம். மூன்றாம் நாள் பாட்டில் வந்தது. சோதித்துப் பார்த்தால் சீழ் செல்கள் நிறைய. ஸ்கேன் பார்த்துக்கொண்டே சிறுநீர்ப்பையிலிருந்து ஊசியால் நேரடியாக எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியதில் கிருமி வளர்ந்தது. அதற்கேற்ற ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை நனைந்த தரை மூன்று முறையாகக் குறைந்தது. அந்த மூன்று முறைதான் பழக்கம் சம்பந்தப்பட்டது.

ஏழு வருடம் கூண்டு, நான்கு மாதம் காப்பகம். இரண்டிலும் காலுக்குக் கீழே இருந்தது சிமெண்ட். மண்ணில் கால் வைத்து ஒண்ணுக்குப் போன அனுபவமே அவளுக்கு இல்லை. தார் ரோடும் புல்லும் குப்பைத்தொட்டியும் ஹாரன் சத்தமும் அவளைப் பொறுத்தவரை பயந்துகொண்டே கடக்க வேண்டிய இடங்கள். வீட்டு டைல்ஸ் தொட்டதும் காலுக்குப் பழகிய குளிர்ந்த, வழவழப்பான தரை கிடைக்கிறது. அப்பாடா என்று விட்டுவிடுகிறாள். தெருவில் வளர்ந்த நாட்டு நாய்க்கு இது தலைகீழ். அது மண் தேடும், பால்கனிப் பூந்தொட்டியைக் கெடுக்கும். நாய் எந்தத் தரையில் வளர்ந்தது என்று காப்பகத்தில் கேட்டு வாருங்கள். தடுப்பூசி அட்டையைவிட முதல் வாரத்துக்கு உதவுவது அந்தத் தகவல்தான்.

அவர்கள் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றிச் சிமெண்ட் தளம் இருந்தது. அப்பால் ஒரு தென்னை. நாய் ஓடிவிடுமோ என்று பயந்து அந்தக் கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். திறக்கச் சொன்னேன். கயிற்றோடு அங்கே கூட்டிப்போய், அவள் சிறுநீர் ஊறிய செய்தித்தாள் ஒன்றைத் தளத்தில் போட்டுவிட்டு, பேசாமல் அசையாமல் நிற்க வேண்டும். எழுந்ததும், சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள், படுக்கும் முன், மற்ற நேரங்களில் இரண்டு மணிக்கு ஒருமுறை. போகும்போது மெதுவாக "உச்சா போ" என்ற ஒரே சொல். முடித்த அந்த நொடியே, அங்கேயே, வேகவைத்த கோழித் துண்டு. வீட்டுக்குள் வந்து பிஸ்கட் கொடுக்கிறார்கள் பலர். அப்படிச் செய்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று நாய் புரிந்துகொள்ளும். ஒண்ணுக்குப் போனவுடன் அவசரமாக இழுத்துக்கொண்டு திரும்பினாலும் தவறு. போனால் உலாத்தல் முடிந்துவிடும் என்று அது அடக்கிக்கொள்ளக் கற்கும்.

பத்து நாள் ஒரே இடம். அப்புறம் இரண்டு நாளுக்கு ஓரடி வீதம் செய்தித்தாள் தென்னையை நோக்கி நகர்ந்தது. அந்த அம்மாவின் கணவர் அதைக் காலண்டரில் குறித்து வைத்துக் காட்டினார். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடியில் ஒரு தட்டு மண் இதே வேலையைச் செய்யும். ஆனால் மூட்டுவலி உள்ள நாயைப் படியேற்றாதீர்கள். படி வலிக்கிறது என்பதற்காகவே வாசலில் நின்று விட்டுவிடும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். வழுக்கும் டைல்ஸில் கதவு வரைக்கும் நீளமாக ஒரு மிதியடி விரித்தாலே சில நாய்கள் தானாக வெளியே போகத் தொடங்கும்.

துடைக்க ஃபினாயில் வேண்டாம். அந்த வாடையில் சிறுநீர் நாற்றம் மறைவது நம் மூக்குக்குத்தான், நாயின் மூக்குக்குக் கீழே அது அப்படியே இருக்கும். கால் எரிச்சலும் வரும், அது காலை நக்கும். என்சைம் கலந்த திரவம் ஆன்லைனில் கிடைக்கிறது, ஊற்றி அந்தப் பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிடுங்கள். பழைய இடங்கள் தெரியவில்லை என்றால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். சோபாக்காலும் கதவு மூலையும் மினுங்கும்.

அடிப்பதும், மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும் இன்றும் நடக்கிறது. அதிலிருந்து நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது. அப்புறம் கயிற்றைப் பிடித்தபடி வெளியே எவ்வளவு நேரம் நின்றாலும் உங்கள் முன்னால் போகாது, கட்டிலுக்கடியில் போகும். கண்முன்னே நடந்தால் கைதட்டித் திசை திருப்பி வெளியே அழைத்துப் போங்கள். முடிந்த பிறகு பார்த்தால் பேசாமல் துடையுங்கள்.

ஈரம் குறையட்டும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்களிடம் மட்டும் நான் குரலை உயர்த்துவதுண்டு. சிறுநீரகம் பழுதான நாய்க்கு அது விஷம் மாதிரி. அதிலும் நம் ஊர் மே மாத வெயிலில்! அதேபோல, பாவம் என்று பால் சோறு போடாதீர்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். பிறகு "கக்காவும் உள்ளேதான் போகுது" என்பார்கள்.

மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிடுகிற, இரவில் காரணமில்லாமல் நடமாடுகிற, பழகிய வாசலையே மறந்துபோகிற மிக வயதான நாய்களும் வருகின்றன. அவற்றுக்கு மூளை தளர்கிறது. கற்றதும் நழுவும். அங்கே பயிற்சி என்று வருத்தாமல், அடிக்கடி வெளியே கூட்டிப்போவதும், படுக்கைக்குக் கீழே நீர் உறிஞ்சும் விரிப்பு போடுவதும், உடனுக்குடன் மாற்றி ரோமத்தை உலர்த்துவதும்தான் வைத்தியம். டயப்பரை நாள் முழுக்க விட்டால் தோல் வெந்துபோகும்.

செல்லம்மா ஏழாவது வாரம் தென்னைக்கு வந்து சேர்ந்தாள். நடுவில் தீபாவளி வெடிக்குப் பயந்து நான்கு நாள் பின்வாங்கி, மறுபடி துவைக்கிற கல்லிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மழை பெய்தால் இப்போதும் மண்ணில் கால் வைக்க மாட்டாள். துவைக்கிற கல்லுக்கு மேலிருக்கும் தகரத்துக்குக் கீழே நின்றபடியே போய்விடுகிறாள். அந்த அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் வைத்திருக்கிறார்.