டெபிட்டும் டெபாசிட்டும் ஒன்றில்லை: கவுண்டரில் கேட்ட ‘டி’ வார்த்தைகள்

எங்கள் வங்கிப் படிவம் ஒன்றில் ‘நேம் ஆஃப் தி டிசீஸ்டு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கு நேராக அந்தப் பையன் ‘சுகர், கிட்னி’ என்று எழுதியிருந்தான். செல்லூர்க்காரன். அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரம் வந்திருந்தான். பன்னிரண்டாவது வரை படித்தவன்தான். ‘டிசீஸ்’ என்றால் நோய் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் இருந்திருக்கிறது. என்ன நோய் என்று கேட்கிறார்கள் போல என்று நினைத்துவிட்டான். “கடைசியா மாரடைப்பும் வந்துச்சு மேடம், அதையும் எழுதணுமா?” என்றான். வேறொரு படிவத்தை எடுத்துக் கொடுத்து, அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதச் சொன்னேன். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

டிசீஸ்டு என்றால் காலமானவர். நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலமானவர் கணக்கில் உள்ள பணத்தை வாங்குவது, அவர் நாமினி என்று ஒருவரைப் பதிந்து வைத்திருந்தால் சுலபம்: இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று, இந்தப் படிவம். காகிதங்கள் எல்லாம் சரியாக வந்த 15 நாளுக்குள் வங்கி பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. மற்ற வாரிசுகளுக்கு உள்ள பங்கு அவர்களுக்குத்தான். இதைச் சொன்னால் அண்ணன் தம்பிகள் என் கவுண்டர் முன்னாலேயே சண்டையை ஆரம்பித்துவிடுகிறார்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். உங்கள் பாஸ்புக்கில் நாமினி பதிவாகி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

திருமங்கலம், மேலூர் என்று சுற்றி, இப்போது மாசி வீதிப் பக்கம் ஒரு கிளையில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒன்று கவனித்தேன். வங்கியில் மக்களைத் தடுமாற வைக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளில் பாதி ‘டி’யில்தான் தொடங்குகின்றன. அதிலும் ஆளைக் கவிழ்ப்பது டெபிட்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வியாபாரம் செய்யும் ஒரு அம்மா. வெளியூரிலிருந்து எவனோ போன் செய்து கல்யாணத்துக்குப் பூ வேண்டும் என்றிருக்கிறான். “அட்வான்ஸ் அனுப்புறேன், பின் நம்பரைப் போட்டு வாங்கிக்கங்கம்மா” என்று சொல்லி, இவருக்கு ஒரு பணக் கோரிக்கையை அனுப்பியிருக்கிறான். போட்டார். ‘டெபிட்டட்’ என்று எஸ்எம்எஸ் வந்தது. அவருக்குத் தெரிந்த ‘டி’ வார்த்தை டெபாசிட். முதல் நாலைந்து எழுத்தைக் கூட்டிப் படித்துப் பணம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். “வரலியேம்மா, இன்னொரு தடவ போடுங்க” என்று அவன் சொன்னதும் மறுபடியும் போட்டார். நான்காம் நாள் என் முன்னால் வந்து நின்றார். “ரெண்டு தடவ டெபாசிட் ஆயிருக்கு தாயி, ஆனா கணக்குல கொறையுதே?”

டெபிட்டை விளக்க எனக்கு உதவுவது மளிகைக் கடை நோட்டுதான். அண்ணாச்சி நோட்டில் ‘பற்று’ என்று எழுதினால் நாம் எடுத்துக்கொண்டு போனது, ‘வரவு’ என்றால் நாம் கட்டியது. பாஸ்புக்கும் அப்படித்தான். அது வங்கி எழுதும் நோட்டு. டெபிட் என்றால் பற்று, உங்கள் கணக்கிலிருந்து போனது. கிரெடிட் என்றால் வரவு, உங்கள் கணக்கில் சேர்ந்தது. (கம்ப்யூட்டரில் டேலி கணக்கு எழுதும் பிள்ளைகள் சண்டைக்கு வராதீர்கள். உங்கள் கம்பெனிப் புத்தகத்தில் பேங்க் பேலன்ஸ் டெபிட் பக்கம் இருக்கும். அது உங்கள் பக்கத்திலிருந்து எழுதுவது.) டெபிட், கடனைக் குறிக்கும் டெப்ட், கட்ட வேண்டிய டியூ மூன்றும் லத்தீனில் ‘கடன்பட்டிருத்தல்’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை.

யூபிஐயில் பணம் வாங்க ‘பின்’ நம்பர் தேவையே இல்லை. ‘பின்’ நம்பர் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது. ஏமாந்துவிட்டது தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். அங்கே கொடுக்கும் புகார் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குப் போகும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்தால் நிறுத்தி வைக்கலாம். அந்த அம்மா நான்காம் நாள் வந்தார். அதற்குள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையிலும் நாள் கணக்கு உண்டு. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல், இடையில் யாரோ பணத்தை எடுத்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் உங்களுடையது அல்ல. பின் நம்பரை நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போனது உங்கள் தலையில், சொன்ன பிறகு போனது வங்கியின் தலையில்.

டெபாசிட் எல்லோருக்கும் பிடித்த வார்த்தை. அதனால்தான் வங்கி அல்லாதவர்களும் அதைப் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள். வங்கியில், கூட்டுறவு வங்கிகள் உட்பட, ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரி வரை அது 1 லட்சமாக இருந்தது. மாசம் இத்தனை சதவீதம் தருகிறேன் என்று சொல்லி வாங்கும் பைனான்ஸ் ‘டெபாசிட்’டுக்கு இந்த இன்சூரன்ஸ் கிடையாது. அப்படிப் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்களுக்காகவே 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது, மதுரையில் அதற்கென்று சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது. அங்கே வாய்தாவுக்கு அலைகிறவர்களில் எங்கள் வாடிக்கையாளர்களும் உண்டு. இங்கே பிக்சட் டெபாசிட்டை முறித்து எடுத்துக்கொண்டு போய் அந்தப் பைனான்ஸில் போட்டவர்கள். முறிக்க வேண்டாம் என்று சொன்னதற்கு என் மேல் கோபப்பட்டவர்களும் அதில் இருக்கிறார்கள்.

டிஃபால்ட் வேறு மாதிரிக் குழப்பம். செல்போன் சர்வீஸ் செய்கிற தம்பி ஒருவர், வங்கி அனுப்பிய நோட்டீஸைச் சிரித்துக்கொண்டே நீட்டினார். “அக்கவுண்ட் டிஃபால்ட்ல இருக்குனு போட்டுருக்காங்க மேடம். டிஃபால்ட்னா ஏற்கெனவே இருக்குற செட்டிங்தானே, நல்லதுதானே?” போனில் அந்த அர்த்தம் சரிதான். நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டால் தானாக நிற்பது. கடனில் டிஃபால்ட் என்றால் தவணை தவறியது. நீங்கள் எதுவும் செய்யாமல் விட்டதால் வருவது என்ற அளவில் இரண்டும் ஒன்று. தவணை 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும், அதற்கப்புறம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரைச் சரிக்கட்ட வருடக்கணக்காகும். அந்தத் தம்பிக்கு அப்போது 70 நாள் ஆகியிருந்தது. அன்று சாயங்காலமே ஒரு தவணை கட்டினார். ஜாமீன் போட்ட மச்சானுக்கு இந்த விஷயமே தெரியாது. ஆனால் சட்டப்படி ஜாமீன்தாரருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு ஒரே அளவு.

டிமாண்ட் என்றால் நம் ஊரில் தட்டுப்பாடு: தை பிறந்தால் மல்லிக்கு டிமாண்ட். டிமாண்ட் டிராஃப்டில் அதற்கு ‘கேட்டவுடன் கொடு’ என்று அர்த்தம். டிடி, செக் இரண்டுக்குமே தேதியிலிருந்து மூன்று மாதம்தான் ஆயுள். செக் திரும்பினால் ‘டிஸ்ஆனர்’. பணம் இல்லாமல் திரும்பிய செக்குக்கு, வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் விட வேண்டும். அது போய்ச் சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கேஸ் போட வேண்டும். “தரேன் தரேன்னு சொல்லிட்டே இருந்தாரு” என்று ஆறு மாதம் கழித்து வருகிறவர்களுக்கு நான் காபி வாங்கிக் கொடுப்பதோடு சரி.

டார்மன்ட் என்றால் தூங்கும் கணக்கு. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் போடவும் எடுக்கவும் இல்லையென்றால் தூங்கிவிடும். சேமிப்புக் கணக்கு என்றால் வட்டி மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். எழுப்பக் கட்டணம் கிடையாது. ஆதாரோடு வந்து கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரம் கொடுத்தால் போதும். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் அது உங்கள் பணம்தான், உங்கள் வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். எந்த வங்கி என்றே மறந்துவிட்டால் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

இந்த வார்த்தைகளையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். தலைமை அலுவலகம் அனுப்பிய போஸ்டர் தவிர வேறெதுவும் ஒட்டக்கூடாது என்று ஆய்வுக்கு வந்தவர் சொன்னார். இப்போது அது என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பூக்கார அம்மா மட்டும் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனை நீட்டுகிறார்: “இது பற்றா, வரவா தாயி?”